நனையும் தளபதி

சிலை திறந்த மறுநாள் காலை, சன்னல்கள் சாத்தியிருந்த படுக்கையறையில், தளபதியின் தலைமேல் புறா எச்சம் விழுந்தது. அறையில் புறா எதுவும் இல்லை. அதே நேரத்தில் சதுக்கத்து வெண்கலத் தளபதியின் தலையில் ஒரு புறா உட்கார்ந்திருந்ததைப் பால்காரர் பார்த்தார். யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை.

'ஒரு துளி ரத்தம் சிந்தாமல் நகரை வென்றவர்' என்று பீடத்தில் பொறிக்கச் சொன்னது தளபதியேதான். நகரம் சரணடைந்த அன்று கையைக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கு, வேலை தேடி வெளியூர் போயிருப்பார்கள் என்று பதில் வந்தது. சிலையை வார்த்தவளின் தம்பியும் அவர்களில் ஒருவன். அக்காவின் பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவன், இடுப்பில் கட்டியிருந்த தோலைக்கூட அவிழ்க்காமல் போனான். இடுப்புத் தோலோடு எவன் வேலை தேடிப் போவான் என்று அவள் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சிலையைச் செய் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு மெழுகு காய்ச்ச அடுப்பை மூட்டினாள்.

வார்ப்பு வேலையில் மெழுகு உருவத்தைக் கையால்தான் செய்வார்கள். உயிரோடிருக்கும் ஆளின் உடம்பிலிருந்து அச்செடுப்பது அந்தத் தொழிலில் ஆகாத காரியம். தளபதிக்குத் தன் மூக்கின்மேல் இருந்த நம்பிக்கை அடுத்தவர் கண்ணின்மேல் இல்லை. தன் உடம்பிலேயே அச்செடுக்கச் சொன்னார்.

"வேண்டாங்க, பின்னாடி சங்கடமாப் போயிடும்" என்று தொழில் தர்மத்துக்காக ஒரே ஒரு முறை சொன்னாள். "சொன்னதைச் செய்" என்றார். அவள் சந்தோஷமாகக் களிமண்ணைக் குழைத்தாள்.

அதன்பின் நடந்தது ஊரறிந்தது. நிழலில் உட்கார்ந்தாலும் தளபதியின் மண்டை வெயிலில் காய்ந்தது. விருந்து மண்டபத்தில் அவர்மேல் மட்டும் மழை கொட்ட, பக்கத்திலிருந்த வெளிநாட்டுத் தூதர் மரியாதையாக நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நாய்கள் வந்துபோகும் நேரத்தில் அவருடைய காலணி ஈரமானது. சிலைக்குத் தகரக் கூரை போட்டால் அவருக்கு மூச்சு முட்டியது. சிலையை இறக்கச் சிப்பாய்கள் கழுத்தில் கயிறு மாட்டியபோது, வீட்டில் அவருக்கு விழி பிதுங்கியது. கடைசியில் சொட்டச் சொட்ட அவரே பட்டறைக்கு வந்து நின்றார்.

"அம்மா, அதை எப்படியாவது பதமா இறக்கிடும்மா."

"என் தம்பி எங்க?"

"அதெல்லாம் பழைய கதை."

"மழைக்காலம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தளபதி வீம்பு பிடித்தவர். மழைக்காலம் முழுக்கத் தாங்கினார். ஆலங்கட்டி விழுந்த நாளில், தலையெல்லாம் புடைத்துப்போய், சதுக்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பீடத்துக்கு அடியிலதான் இருக்காங்க. சுட்டு, எல்லாரையும் அங்கதான் போட்டோம்."

அவளே சிலையின் பிடிகளைக் கழற்றிப் பக்குவமாகச் சாய்த்தாள். அந்த நேரத்தில் தளபதி நடுத்தெருவில் மல்லாந்து கிடந்தார். பீடத்தை உடைத்துத் தோண்டினார்கள். எலும்புகளுக்கு நடுவே, ஓர் இடுப்பில் பட்டறைத் தோல் கட்டியபடியே இருந்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு அன்றுதான் வாய்விட்டு அழுதாள். ஊரும் சேர்ந்து அழுதது.

"சொல்லிட்டேனேம்மா, இனி அதை உருக்கிடு" என்று படுத்தபடியே தளபதி கெஞ்சினார். பறிகொடுத்த தாய்மார்களும் உருக்கத்தான் சொன்னார்கள்.

"உருக்கினா செத்துடுவாரு. செத்தா அதோட முடிஞ்சிடும். நிக்கட்டும்" என்றாள்.

இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, அதன் எதிரே, பீடம் இல்லாமல் வெறும் தரையில் சிலையை நிறுத்தினாள். பிறகு அவளும் காலமானாள், அவளோடு தோண்டியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். வெண்கலத்துக்கு மூப்பு கிடையாது என்பதால் தளபதி மட்டும் இருக்கிறார். அவர் வீட்டில் பாய்களைக் கொடியில் உலர்த்தும்போது, சதுக்கத்தில் மழை பெய்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் நகரசபைக்கு வந்து, தன்னை உருக்கும்படி வேண்டுகிறார். உறுப்பினர்கள் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஒருமனதாக மறுத்துவிட்டு, சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.