மீன்தொட்டியின் முகவரி

சிமெண்ட் கம்பெனிக்குப் புதிதாக வந்த டிஜிட்டல் மாற்றத் தலைவர் முதல் நாளே கூட்டம் போட்டு, "டொமைன் நேம் சிஸ்டம்தான் நம்ம டிஜிட்டல் ஆன்மா" என்றார். அந்த ஆன்மாவை வருஷக்கணக்காகத் தூசி தட்டிப் பராமரித்துவரும் நெட்வொர்க் சார், கடைசி வரிசையில் கொட்டாவியை விழுங்கினார்.

ஆன்மாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கம்ப்யூட்டருக்கு எண்தான் புரியும். மனிதருக்குப் பெயர்தான் ஞாபகம் இருக்கும். நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால், உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வர் உங்களுக்காக அலையக் கிளம்பும். முதலில் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் கேட்கும். அதுவோ உச்சியில் இருப்பவர்களின் வழக்கப்படி, "எனக்குத் தெரியாது, அந்தக் கவுண்ட்டருக்குப் போ" என்று கைகாட்டும். அந்தக் கவுண்ட்டர் இன்னொன்றைக் காட்டும். கடைசியில் நெட்வொர்க் சாரைப் போல யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளும் சர்வர் எண்ணைச் சொல்லும். "இதை இத்தனை நேரம் ஞாபகம் வைத்துக்கொள்" என்று ஒரு கெடுவும் கொடுக்கும். கெடு முடியும்வரை அலைந்த சர்வர் திரும்பி வராது. கேட்பவர்களுக்குத் தானே பதில் சொல்லிவிடும்.

நெட்வொர்க் சார் கம்பெனிப் பெயரோடு 'மீன்' என்று ஒட்டி, ஆபீசில் யாருக்கும் சொல்லாமல் ஒரு பெயர் வைத்திருந்தார். அது அவர் வீட்டு மீன்தொட்டியின் கேமராவுக்குப் போகும். மகள் பள்ளியில் படித்தபோது அடம்பிடித்து வைக்கச் சொன்ன பெயர் அது. மனைவி போனபின் வீட்டில் அப்பாவும் மகளும்தான். பிறகு மகளும் வேலைக்காகத் தூரத்து நகரத்துக்குக் கிளம்பினாள். "உன்கிட்ட பேசறதுக்கு உன் சர்வர்கிட்ட பேசலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அதன்பின் போனே இல்லை.

ஆனால் வாரம் ஒரு முறை அவள் நகரத்திலிருந்து சர்வருக்கு ஒரு கேள்வி வரும்: மீன் எங்கே? அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் மற்ற நாட்களிலும் ஆபீசுக்கு வந்தார். வாரத்துக்கு ஒரு தடவைதான் அப்பன் ஞாபகமா என்று புலம்புவார். அந்தப் புலம்பலைக் கேட்க வீட்டில் மீன் இருந்தது.

தலைவர் பெயர்ப்பட்டியலைத் திரையில் ஓட்டினார்.

"'மீன்'னா என்ன சார்? நாம சிமெண்ட்டுல்ல விக்கறோம்."

"டெஸ்டிங், சார்."

"சிமெண்ட்டை மீனுக்கு ஊட்டி டெஸ்ட் பண்றீங்களா? தூக்குங்க."

"கெடு ஒரு வாரம் இருக்கு சார். முதல்ல அதைக் குறைக்கணும். பழசு தீர்ந்தப்புறம்தான் தூக்கணும். அதான் முறை."

"ஒரு வாரம்னு வச்ச மகராசன் யாரு?"

"நான்தான், சார்."

கெடுவை ஒரு நிமிஷமாகக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். மகள் கடைசியாகக் கேட்கப்போகும் அந்த ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று எண்ணம்.

பழைய கெடு தீர்ந்தது. காலையில் ஒரு கேள்வி வந்தது. மத்தியானம் ஒன்று. சாயங்காலத்துக்கு மேல் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. மறுநாளும் அப்படியே.

நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவர் வைத்த ஒரு வாரக் கெடுவை மதித்து, நடுவிலிருந்த இணைய நிறுவனத்து சர்வரே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறது. கம்பெனி முழுக்க இதைப் பாடமாக நடத்தியவர், சொந்த மகள் விஷயத்தில் கோட்டைவிட்டிருக்கிறார்.

"முடிச்சாச்சா?" என்று முதுகுக்குப் பின்னால் தலைவர் வந்து நின்றார். நெட்வொர்க் சார் பெயரை அழித்தார். தலைவர் ஆன்மாவைச் சுத்தம் செய்த திருப்தியோடு காப்பி குடிக்கப் போனார்.

சாயங்காலம் கேள்வி வந்தது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றது சர்வர். மறுபடி வந்தது. மறுபடி, மறுபடி. அவரால் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து மகளுடைய எண்ணை அழுத்தினார்.

"மீன் செத்துப்போச்சா?" ஹலோகூட இல்லை.

"நல்லா இருக்கும்மா. பேரைத்தான் எடுத்துட்டாங்க."

"பொய் சொல்லாத. பழைய மீன் எப்பவோ போயாச்சு. இதுக்கு வால்ல புள்ளியே இல்ல."

அதே நிறத்தில் ஒன்று தேடி அவர் ஏறி இறங்கிய கடைகள் எத்தனையோ.

"கேமராவோட நம்பர் சொல்றேன், எழுதிக்கறியா? பேர் இல்லாமலே பாக்கலாம்."

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"சொல்லு" என்றாள். "கேமராவை மட்டும் நகர்த்திடாதப்பா. தொட்டிக்குப் பின்னால சோபால நீ உக்காந்து சாப்பிடறது, அந்தக் கோணத்துலதான் தெரியுது."