வெயில் விழாத பக்கம்

லுபோருக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். மகள் பிளாங்காவின் முகத்தை வீடியோப் படம் பிடிக்க வேண்டும். ஊர் ஊராகச் சுற்றுலா போகும் பழைய நீராவி என்ஜினில், கரி தள்ளும் ஆளாக அவள் ஏறிய முதல் நாள் அது. மனைவி மிலுஷா காலில் மாவுக்கட்டோடு பிர்னோ நகரில் வீட்டோடு கிடந்தாள். "அவ மூஞ்சி தெரியணும். புகையைக் காட்டி என்னை ஏமாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பிளாங்கா அதற்கும் ஒரு படி மேலே போய், "அப்பா எடுக்குற படத்துல என்ஜினுக்குத்தாம்மா மூஞ்சி இருக்கும்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள். லுபோருக்குச் சுருக்கென்று தைத்தது.

வண்டி மேடேறும் வளைவுக்கு மச்சினன் ரோஸ்தாவோடு எல்லோருக்கும் முந்தி வந்து சேர்ந்தார். வண்டியைத் துரத்திப் படம் பிடிக்கிற கூட்டத்துக்கென்று சட்டங்கள் உண்டு. பின்னால் வந்தவன் பின்னால்தான் நிற்க வேண்டும். வண்டி வரும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. என்ஜின் சத்தத்தில் மனிதக் குரல் கலந்தால் படம் குப்பை. இந்தச் சட்டங்களைக் கட்டிக் காக்கவே பிறவி எடுத்தவர் லுபோர். காளான் கூடையோடு சிவனே என்று நடந்து போன ஒருவரைக்கூட அவர் விடவில்லை.

"யோவ், பிரேமுக்குள்ள நிக்கிறே! தள்ளிப் போய்யா!"

"காடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றார் காளான்காரர். ஆனாலும் தள்ளித்தான் போனார்.

வண்டி வந்தது. கரும்புகை, பளபளக்கும் சக்கரங்கள், எல்லாவற்றின் மேலும் காலை வெயில். கூட்டத்தில் ஒருவர் இருமக்கூட இல்லை. படத்தைப் போட்டுப் பார்த்த ரோஸ்தா கெக்கெக்கே என்று சிரித்தான்.

"அத்தான், டிரைவரோட மீசை பிரமாதமா வந்திருக்கு. அக்கா பார்த்தா கண்ணாடி போட்டு மாட்டிடுவா."

லுபோர் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர் நிற்பது வலது பக்கம், கரி தள்ளுகிறவர் நிற்பது இடது பக்கம். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சூரியனை முதுகில் வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்று பழகிய கால்கள், தாமாகவே வெயில் பக்கம் போய் நின்றுவிட்டன. போதாததற்கு இது மேடு. அவள் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருப்பாளே ஒழிய, ஜன்னலுக்கு எங்கே வருவாள்?

"காரை எடுடா!"

அடுத்த ஸ்டேஷனில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும். அதை விட்டால் கடைசி ஊர் வரை காடுதான், காருக்கு வழி கிடையாது. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே கார் குதித்துக் குதித்து ஓடியது. ரோஸ்தா கையில் இருந்த வறுத்த கறியும் ரொட்டியும் அவன் சட்டையிலேயே போய் உட்கார்ந்தன. ஸ்டேஷனைத் தாண்டியுள்ள ரயில்வே கேட்டில் அவர்கள் இறங்கியபோது என்ஜின் தண்ணீர் பிடித்து முடித்திருந்தது. வெயில் விழும் சரிவில் கூட்டம் வரிசை கட்டி நின்றது. கேட் மணி அடிக்கத் தொடங்குவதற்குள் லுபோர் காமிராவைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்பக்க நிழலில் போய் நின்றார். கேட் இறங்கியது.

சரிவு கொதித்தது.

"யாருடா அவன், எல்லார் படத்துலயும் நிக்கிறது!"

"அது லுபோர்டா! அந்தாளுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கு?"

"பெரிய மனுஷா, தள்ளிப் போய்யா!"

லுபோருக்குக் காது மடல் சுட்டது. மானம் போய்விட்டது என்றுதான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை. வண்டி புறப்பட்டதும் சரிவு கப்சிப்பென்று அடங்கியது, சட்டம் சட்டம்தானே. என்ஜின் நெருங்கியது. இடப்பக்க ஜன்னலில் கரி பூசிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பற்கள் மட்டும் வெள்ளை.

"பிளாங்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார் லுபோர்.

பிளாங்கா வாயில் கை குவித்துத் திருப்பிக் கத்தினாள். "அப்பா! பிரேமுக்குள்ள நிக்கிறீங்க!"

அன்று மாலை வீட்டில் மிலுஷா அவர் எடுத்த படத்தைப் பார்த்தாள். காமிரா சாய்ந்துபோனதில் பாதி வானம், பாதி சக்கரம். நடுவில் கண் சிமிட்டும் நேரத்துக்கு மகள்.

"வந்துட்டாளே, போதும்" என்றாள்.

அதற்குள் சரிவில் நின்றவர்கள் தங்கள் படங்களை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள், அடியில் தாராளமாக வசவும் எழுதி. ரோஸ்தா ஒன்றைத் தன் போனில் போட்டு அக்கா கையில் கொடுத்தான். கேட்டை ஒரு கையால் பிடித்தபடி, காமிராவை மறந்து, அழுகையும் சிரிப்புமாக வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார் ஒரு வழுக்கைத்தலை மனிதர். அடுத்த நொடியே என்ஜின் குறுக்கே வந்து அவரை மறைத்துவிட்டது.

"நிறுத்துடா, கண்றாவி" என்றார் லுபோர்.

மிலுஷா போனைத் தரவில்லை. வீட்டு அலமாரி நிறைய அவர் எடுத்த படங்கள். ஒன்றில்கூட அவர் இல்லை. அவள் அதை முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினாள்.