மூன்றாவது வரிசையில் நயினார்

உலகம்மையின் கல்யாணத்துக்கு அம்மி தேவைப்பட்டதால், அவளுடைய அப்பா நயினார் மூன்று நாள் அணைக்கட்டில் கல்லாக இருக்க வேண்டியதாயிற்று.

நெடும்பாறை அணையில் இது வழக்கம்தான். கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. நாலாம் வருஷம் பெய்ததெல்லாம் நிற்காமல் கடலுக்கு ஓடியது. ஆற்றை மறித்துவிடலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்து, மலையிடம் போய்க் கல் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாக மலை சொன்னது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு ஓர் அம்மி கொடுத்தார்கள். மொத்தம் நாலாயிரம் அம்மி. அந்தச் சுவரை நம்பித்தான் இன்றைக்கும் இரண்டு போகம் நெல் விளைகிறது, பக்கத்து டவுனுக்குக் குடிதண்ணீர் போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்து கெண்டை வறுவல் தின்றுவிட்டு முள்ளை நீர்த்தேக்கத்திலேயே போடுகிறார்கள். அந்த வட்டாரத்தில் சட்னி மட்டும் சுமாராக இருக்கும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அம்மி கொடுத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அவள் மிதிக்கச் சொந்த அம்மி வந்தாக வேண்டும். அது திரும்பும்வரை அந்த இடத்தில் குடும்பத்தலைவர் உட்கார வேண்டும்.

"வீட்ல சும்மாதான சாஞ்சி கெடக்கிய," என்றாள் மனைவி செண்பகம். "அங்க போயி சாஞ்சா ஊருக்காவது ஆகும்."

சாய்வதில் நயினாருக்கு வருத்தமில்லை. வியாழக்கிழமை தாரை வார்க்க வேண்டும் என்பதுதான் வருத்தம். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டியவர் அவர். இருபத்து நாலு வருஷத்தில் அந்தப் பெண்ணுக்காக அவர் செய்த காரியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒன்றையாவது தன் கையால் செய்ய ஆசைப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை லஸ்கர் வைகுண்டம் வந்தார். மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருடையது. கடப்பாரையால் மூன்றாவது வரிசை அம்மியை நெம்பி எடுத்துவிட்டு, நயினாரை அந்த இடத்தில் செருகினார்.

"அண்ணாச்சி, ஒரு சொட்டு கசிஞ்சாலும் நான் மேல எழுதணும்."

"தாரை வார்க்கணுமே, வைகுண்டம்."

"கைய வெளிய நீட்டுனா அந்த வழியா மொத்தத் தண்ணியும் வந்துரும். பாத்துக்கிடுங்க."

நயினார் சாய்ந்தார். முப்பத்தெட்டு அடித் தண்ணீர் அவர் முதுகில் சாய்ந்தது. முதல் நாள் கனத்தது. இரண்டாம் நாள் அது கனமாகத் தெரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உலகம்மை இப்படித்தான் அவர் முதுகில் ஒட்டிப் படுத்துக்கொள்வாள். அவர் ஏதேதோ பேசினார். தண்ணீர் உம் கொட்டியது.

கல்யாணத்தை மண்டபத்திலிருந்து அணைப் பூங்காவுக்கு மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார்.

"அந்தா, மூணாவது வரிசை. எடமிருந்து பதினோராவது," என்று வைகுண்டம் காட்டினார்.

தாய்மாமன் ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல உறுதி," என்றார்.

மணமக்களை ஸ்டூலில் ஏற்றிச் சுவரோரமாக நிறுத்தினார்கள். கீழே நெல்வயல்களும் இரண்டு ஊரும் இருந்தன. வைகுண்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு, தாயி," என்று நயினார் தன் முதுகில் சாய்ந்திருந்த தண்ணீரிடம் சொன்னார். வலது கையைச் சுவருக்கு வெளியே நீட்டி விரல்களைத் திறந்தார். முப்பத்தெட்டு அடித் தண்ணீரில் ஒரு கை அளவுதான் வந்தது. அது இரண்டு பேர் கைமேலும் விழுந்து வழிந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. உலகம்மை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். நயினாருக்கும் தாங்கவில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டு இடத்தில் கசிவு என்று வைகுண்டம் எழுதிக்கொண்டார். தாலி கட்டி, அம்மி மிதித்து, பந்தி போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மி மஞ்சள் பூசிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. நயினார் வீட்டுக்கு வந்தார். மகள் இல்லாத வீடு பெரிதாக இருந்தது. எந்தச் சுவரில் சாய்ந்தாலும் முதுகு வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை செண்பகம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். நீர்த்தேக்கம் வாசலில் நின்றது. கெண்டைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"ஒங்களத் தேடித்தான் வந்திருக்கு," என்றாள். "உள்ள வரச் சொல்லுங்க."

தண்ணீர் படியேறி, கூடத்துக்கு வந்து, நயினாரின் முதுகில் ஒட்டிப் படுத்துக்கொண்டது.

எட்டு மணிக்கு விவசாயிகள் நடவுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். நயினார் அசையவில்லை. செண்பகம்தான் எழுந்துபோய்க் கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்துவிட்டாள்.