தலையணைக்கு ஒரு விமானம்

சொந்த விமானம் வைத்திருந்த அந்த முதலாளியம்மாவுக்குத் தன் தலையணை இல்லாமல் தூக்கம் பிடிக்காது. மலை பங்களாவுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் அதை நகரத்து வீட்டிலேயே மறந்துவிட்டது தெரிந்தது. எடுத்துவர விமானம் கிளம்பியது. தலையணையை அழுக்காகாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொறுப்பு பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது.

பணிப்பெண்ணின் அக்கா அந்த நகரத்தில் தையல் வேலை செய்தாள். ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததால் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. அவள் கணவனோ மலையடிவாரத்தில் வேலை பார்த்தான். அக்காவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று தங்கை தயங்கித் தயங்கி விமான கேப்டனிடம் கேட்டாள். அவர் போன் போட்டதும் முதலாளியம்மா, சீட்டெல்லாம் சும்மாதானே கிடக்கிறது, தாராளமாகக் கூட்டிவரலாம் என்று சொல்லிவிட்டார்.

முழங்கால்வரை நனைந்த துணியோடு வந்த அக்கா, வெள்ளை சீட்டின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் தங்கை தலையணையை வைத்து பெல்ட் மாட்டினாள்.

"இதை எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

விமானம் மேலே எழும்பியது. அக்கா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தன் வீட்டுக் கூரையைத் தேடினாள். எங்கு பார்த்தாலும் செம்மண் நிறத் தண்ணீர்.

"மேல இருந்து பார்த்தா அழகாத்தான்டி இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி, விமானம் விடுற புகையாலதான் மழை இப்படிக் கண்டபடி கொட்டுதுன்னு டிவியில சொல்றாங்களே, நான் ஏறினதும் அதுல சேருமா?"

"நீ ஏறலைன்னாலும் இது பறந்திருக்கும்க்கா."

"அதான்டி உறுத்துது."

மலையில் இறங்கியதும் முதலாளியம்மா தன் சால்வையையே எடுத்து அக்காவுக்குப் போர்த்திவிட்டார். அக்கா மனசார நன்றி சொல்லிவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த கணவனோடு போனாள்.

அடுத்த வாரம் முதலாளியம்மாவுக்கு நகரத்து வீட்டில் மறந்துவிட்ட செருப்பு ஞாபகம் வந்தது. அதுவரை எதிர்வார்த்தை பேசியிராத பணிப்பெண், வெள்ளம் வடிந்துவிட்டது, கூரியரில் வரவழைக்கலாமே என்றாள். முதலாளியம்மா கோபப்படவில்லை.

"விமானம் சும்மாதானே நிக்குது?"

"நிக்கட்டும்மா."

முதலாளியம்மா சரி என்று உள்ளே போய்விட்டார். அன்று விமானம் கிளம்பவில்லை. அதற்கடுத்த தடவை எதையோ மறந்தபோது, அவளிடம் சொல்லாமலே வேறொரு பணிப்பெண்ணோடு கிளம்பியது.

போனில் இதைச் சொன்னபோது அக்கா பதறிப்போனாள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரியவில்லை என்றாள் தங்கை.