ஐயம்பெருமாளின் எதிர்ப்பு சக்தி

இரண்டாவது தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்து, பாளையங்கோட்டையின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, உடம்பில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்தார்கள். முடிவை ஒட்டின கவரில் போட்டு, "ரகசியம், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று கொடுத்தார்கள். திருநெல்வேலியில் ஒரு சங்கதியைப் பரப்ப இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

எக்ஸ்ரே எடுக்கும் ஐயம்பெருமாள் தன் கவரைக் கக்கூசுக்குள் வைத்துப் பிரித்தார். முப்பத்தெட்டு. சர்க்கரைக்காரர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், அதிலும் ஆண்களுக்கு, கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்று ஆய்வுக்கு வந்த டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். மூன்று தகுதியும் அவரிடம் முதல் வகுப்பில் இருந்தன.

கேண்டீனில் மருந்துக் கவுண்ட்டர் எஸ்றா கேட்டார்: "எனக்கு இருநூத்தி அறுவது. உமக்கு எவ்வளவு வே?"

வாய் முந்திக்கொண்டது. "முன்னூத்தி எம்பது." ஒரு சைபர்தானே கூட!

"அடேயப்பா! என்ன வே திங்கீரு?"

"உளுந்தங்களி. பரம்பரை ஒடம்புவே."

மதியச் சாப்பாட்டுக்குள் எஸ்றா உட்பட எல்லாருமே முன்னூறைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்த வாரமே இரண்டாம் அலை வந்து கொரோனா வார்டு நிரம்பியது. நிர்வாக அதிகாரி தில்லைநாயகத்துக்கு யோசனை உதித்தது. முன்னூறுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் முதலில் அந்த வார்டில் வேலை. முடிவுதான் ரகசியமாயிற்றே, அதனால் கேண்டீன் பேச்சை வைத்துப் பட்டியல் போட்டார். முதல் பெயர் ஐயம்பெருமாள்.

"எனக்கு மூச்சு இழுப்பு இருக்கு. அங்கன போய்ட்டு அதை வீட்டுக்குக் கொண்டாந்தீங்கன்னா நான் தாங்குவனா? மானம் போனாப் போவுது, ஆபீசுல அந்த ரத்தச் சீட்டைக் காட்டுங்க" என்றாள் மனைவி தனலட்சுமி. காட்டினால் ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள். காட்டாவிட்டால் வார்டு. கவரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தில்லைநாயகத்தின் அறை வாசலில் ஏற்கெனவே பதினோரு பேர் நின்றார்கள். கடைசியில் எஸ்றா. கையில் கவர்.

"என்னவே, இங்கன?" என்றார் ஐயம்பெருமாள்.

"சும்மாதான், லீவு லெட்டர். நீரு?"

"எனக்கும் அதான்."

அப்போது வார்டு ஆயா முத்துராணி வேகமாக வந்தாள். "அண்ணாச்சி, சேர்மாதேவிக்காரர் ஒருத்தருக்கு மூச்சு முட்டுது. டாக்டர் நெஞ்சுப் படம் கேக்காவ. ஒங்க மெசினை நானே தள்ளிப் பாத்தேன், செவுத்துல போய் முட்டுது."

வரிசை முழுவதும் மின்விசிறியை ஆராய்ந்தது.

"மெசினைத் தொடச் சொல்லி யாரு ஒனக்குச் சொன்னா?" கோபத்தில் ஐயம்பெருமாள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், அவர் இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

வார்டு வாசலிலிருந்து மனைவிக்குப் போன் போட்டார். "பத்து நாளைக்கு இங்கனயே படுத்துக்கிடுதேன்."

"சீட்டைக் காட்டலியா?"

"வரிசை ரொம்ப நீளம்."

அந்தப் பக்கம் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சர்க்கரை மாத்திரையும் கட்டிக்கிடச் சாரமும் குடுத்தனுப்புதேன்" என்றாள்.

முத்துராணி கவச உடுப்பை அவர்மேல் மாட்டிவிட்டாள். "வயித்த எக்குங்க அண்ணாச்சி, ஜிப்பு ஏறல்ல."

எக்கினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து பைய சொன்னார். "எனக்கு முப்பத்தெட்டுத்தான் முத்துராணி."

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு என்னவோபோல் இருந்தது.

"ஒனக்கு எவ்வளவு?"

"நானூத்திப் பன்னெண்டாம். போன வருசமே எனக்கு வந்துட்டுப் போச்சுல்லா, அதுக்கு மேல ஊசியும் போட்டதால கூடுதலாம்."

"அடிப்பாவி! ஒருத்தர்ட்டயும் மூச்சு விடலியே?"

"யாரு கேட்டா?"

ஐயம்பெருமாள் மிஷினின் கைப்பிடியைப் பிடித்தார். உள்ளே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பம் நீ முன்னால போ தாயி" என்றார்.