நாற்பது நிமிடம்

விடிந்தும் விடியாத நேரத்தில் மீட்டரக்கா வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். சிமெண்டுத் தரையின் குளிர் சட்டையைத் துளைத்து முதுகெலும்பில் ஏறியது. வலது கை தோள்பட்டை வரை என்ஜினுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே போயிருந்தது. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. விரல் நுனிதான் கண். பழைய எண்ணெய் மணிக்கட்டு வழியே வடிந்து அக்குள்வரை வந்துவிட்டது. துடைக்க இன்னொரு கை காலியாக இல்லை. அதில் மீட்டர் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டறையில் வயரிங் வேலை அவளுடையது. மின்சாரம் அளக்கும் மஞ்சள் மீட்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒருமுறை யோசித்துத்தான் திரும்புவாள்.

தலைக்கு மேலிருந்த வேனின் ஓட்டுநர் பக்கம் சப்பளிந்து போயிருந்தது. ஆலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் அது. மூன்று நாளைக்கு முன்பு, பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் ஒட்டகம் அதை வெளியே எடுத்துப் போனான். நீளக் கழுத்துக்காரன், அதனால் ஒட்டகம். பாலத்து இறக்கத்தில் என்ஜின் பட்டென்று நின்றது. ஸ்டீயரிங் இறுகிக் கல்லானது. இரண்டு முறை மிதித்ததும் பிரேக் மரக்கட்டையாகிவிட்டது. கீழே பத்துப் பன்னிரண்டு பேர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவன் வண்டியைச் சுவரோடு தேய்த்தே நிறுத்தினான். கடந்தவர்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் கால் மட்டும் இரண்டு இடத்தில் முறிந்தது.

"கண்மண் தெரியாம ஓட்டியிருக்கான்" என்றார் முதலாளி. அன்று மாலையே அவளைக் கூப்பிட்டு ஒரு புது வேலைச் சீட்டை நீட்டினார். 'வயரிங் சோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. காப்பீட்டு அதிகாரி வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவார், அதற்குள் சீட்டு தயாராக இருக்க வேண்டும்.

இன்று வியாழக்கிழமை.

அதிகாலையில் அவள் கிளம்பும்போது புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சலவைக் கூடத்தில் வேலை. விடுதிப் படுக்கை விரிப்புகளை அலசி அலசி அவன் விரல்கள் வெளுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தன.

"போடப் போறியா கையெழுத்து?"

"தெரியல. உடம்பெல்லாம் அலுத்துப் போச்சு. போட்டுத் தொலைச்சா நிம்மதியா இருக்கும் போல இருக்கு."

"போட்டா உனக்கு என்ன ஆகும்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப ஆகறதெல்லாம் அவனுக்கு" என்றான் அவன். கதவைப் பூட்டி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தான்.

அதனால்தான் அவள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, வேனுக்கு அடியில் படுத்தாள்.

என்ஜின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் சென்சாருக்கு மூன்று வயர்கள் போகின்றன. அதன் பேச்சு ஒரு நொடி நின்றாலும் என்ஜினும் நின்றுவிடும். அந்தச் சென்சாரை இந்த வேனில் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நான்கு நாள் ஓடும், ஐந்தாம் நாள் கோளாறு மறுபடி வரும். புதுச் சென்சார் மூன்றும் அடுத்தடுத்துக் கெட்டுப்போகுமா? போகாது. கோளாறு வயரில். ஆனால் வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் 'இணைப்பு இருக்கிறது' என்றுதான் காட்டும். நின்ற வண்டியில் வயர் சும்மா கிடக்கிறது. ஓடுகிற வண்டியில் அது ஆடுகிறது.

இப்போது அவள் வண்டிச் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, சென்சாரில் வயர்கள் சேரும் கப்ளரின் பின்புறம் ஊசியைச் செருகி மீட்டரை மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். ஐந்து வோல்ட். வயர்க் கற்றையை முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துப் பார்த்தாள். ஐந்து. ஐந்து. ஐந்து. தோள் மரத்துப்போனது. கையை வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி விட்டாள். என்ஜினின் பின்மூலையில், கற்றையைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் இல்லை. காலி ஓட்டை. அங்கே வயர் தொங்கி, என்ஜின் குலுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடங்கியிருக்கிறது. அந்த மடிப்பை விரலால் நிமிர்த்தினாள்.

மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது.

விட்டாள். ஐந்து. நிமிர்த்தினாள். பூஜ்யம்.

கறுப்பு உறையைப் பின்னுக்குத் தள்ளி, கற்றையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். மேல் தோல் முழுசாக, பளபளவென்று இருந்தது. நகத்தால் கீறியதும் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும், மடங்கும்போது முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை இழையை நம்பித்தான் முப்பது பேர் தினமும் போய் வந்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அப்படியே கிடந்தாள்.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அவளையும் சேர்த்துப் பதினொரு பேர். முதலில் வந்த வெல்டர் வேனுக்கு வெளியே நீண்டிருந்த கால்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இங்கயே குடி வந்துட்டியா?" என்றார்.

"எல்லாரையும் கூப்பிடு" என்றாள்.

ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வைத்தாள். மீட்டர் விழுவதையும் எழுவதையும் பார்த்தார்கள். பெயிண்டர் விசில் அடித்தான். "அப்ப ஒட்டகம் மேல தப்பில்ல!"

"அவன் மேல இல்ல" என்றாள் அவள். எழுந்து சுவரோரம் சாய்ந்தாள். "என் மேல இருக்கு."

மீட்டரை அணைத்துக் கீழே வைத்தாள்.

"போன வாரம் இந்த வண்டி வந்தப்ப, வயர் முழுக்கப் பாக்கணும், ஒரு நாள் வேணும்னு சீட்டுல எழுதினேன். முதலாளி கிழிச்சுப் போட்டாரு. ஒரு வண்டிக்கு நாப்பது நிமிஷம்னாரு. ஸ்கேனரை மாட்டி, ஸ்டீயரிங் முன்னால எரியற எச்சரிக்கை லைட்டை அழிச்சு அனுப்பச் சொன்னாரு. சொன்னது அவரு. அழிச்சது என் விரல். அந்த லைட் எரிஞ்சிருந்தா அவன் இறக்கத்துக்கே எடுத்துட்டுப் போயிருக்க மாட்டான்."

சுவரில் ஒரு பலகை தொங்கியது. நாற்பது நிமிடம் தாண்டினால் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் மறுநாள் வேலை கிடையாது. அவள் பெயருக்கு எதிரே இரண்டு இருந்தன. அதை அவள் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பிரேக் வேலை பார்க்கும் குட்டையன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "தேஞ்ச பிரேக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் திரும்ப மாட்டியிருக்கேன். ரெண்டு வண்டியில."

"துருப்பிடிச்ச சட்டத்து மேல பட்டி அப்பி பெயிண்ட் அடிச்சிருக்கேன்" என்றான் பெயிண்டர். அவன் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

வெல்டர் வேனின் சப்பளிந்த கதவைத் தடவியபடி, "ராத்திரி படுத்தா எனக்கு மட்டுந்தான் தூக்கம் வரலைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

அத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் நின்றவர்கள், அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இந்த வயரை இப்படியே விடணும்" என்றான் குட்டையன். "பத்து மணிக்கு அந்த அதிகாரி கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

வேலைச் சீட்டு ஒன்றின் பின்புறம் பெயிண்டர் எழுதினான். அவன் எழுத்துதான் பட்டறையில் அழகு. வயர் அறுந்திருந்தது, நேரம் கேட்டது மறுக்கப்பட்டது, எச்சரிக்கை விளக்கு மீட்டரக்கா கையால் அழிக்கப்பட்டது. கடைசி வரியை மீட்டரக்கா சொன்னாள்: கோளாறு தீராத வண்டி இனி எங்கள் கையால் வாசலைத் தாண்டாது. முதல் கையெழுத்தும் அவளுடையது. மற்ற பத்தும் வரிசையாக விழுந்தன. ஒருவன் சுவரிலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் பேனாவை வாங்கினான்.

எட்டரைக்கு முதலாளி வந்தார். ஒரு சத்தமும் இல்லாத பட்டறை அவருக்குப் புதிது.

"என்ன, இன்னிக்கு யாராவது லீவு விட்டிருக்காங்களா? ஏம்மா, சீட்டு எங்க?"

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். காது சிவந்தது.

"உன்னை இதையா எழுதச் சொன்னேன்?"

"நீங்க எழுதச் சொன்னது பொய் சார்."

"லைட்டை அழிச்சது யாரு? நீதானே? உன்னை நீயே காட்டிக் கொடுத்துக்கறியே, புத்தி இருக்கா?"

"அதையும் எழுதியிருக்கேன். மூணாவது வரி."

அவர் வெல்டர் பக்கம் திரும்பினார். குரலை இறக்கினார். "நீ பெரிய மனுஷன். அவனவன் பொழப்பைப் பாருங்கப்பா. ஒரு டிரைவருக்காக பத்துக் குடும்பம் தெருவுக்கு வரணுமா?"

"நாளைக்கு என் கால் போனாலும் இதையேதான் சொல்லுவீங்க சார்" என்றார் வெல்டர். "ஒரு வெல்டருக்காகவான்னு."

முதலாளி காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். பெயிண்டர் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். "மூணு எழுதினேன் சார், எல்லாத்துலயும் கையெழுத்தோட. உங்க பழக்கம் தெரியுமே."

யாரோ சிரித்தார்கள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார். "இழுவை லாரி அனுப்பு. உடனே. இந்த வேன் இங்க இருக்கக்கூடாது" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

பதினொரு பேரும் வேனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. மீட்டரக்கா முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டினாள். உட்கார்ந்தபிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. நாளைக்கு வேலை இருக்குமா? ஒட்டகம் எழுந்து நடப்பானா? தன்னைத்தான் முதலில் விசாரிப்பார்களோ? வீட்டில் என்ன சொல்வது என்று மட்டும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆலையின் இன்னொரு வேன்காரர் தன் வண்டியை எடுக்க வந்தார். நேற்று மாலை முடித்து நிறுத்திய வண்டி. தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் திகைத்தார்.

"அக்கா, என் வண்டி ரெடிதானே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெடி இல்லண்ணே. அதுலயும் லைட்டை அழிச்சிருக்கேன். எடுக்காதீங்க."

அவர் முகத்தில் கோபம் ஏறியது. "ஆளுங்களை ஏத்திட்டுப் போறேன் தெரியுமில்ல? உன்னை நம்பித்தானே..."

"தெரியும்ணே. திட்டுங்க."

அவர் திட்டவில்லை. சப்பளிந்த வேனைப் பார்த்தார், அவளுடைய எண்ணெய்க் கையைப் பார்த்தார், சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். பெயிண்டர் நீட்டிய காகிதத்தை உதடு அசையப் படித்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார்.

"நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லு. பட்டறையில இருந்து வண்டி எடுக்க வேணாம். ஆனா வாங்க. எல்லாரும் வாங்க."

வாசலில் இழுவை லாரியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. முதலாளி கதவைத் திறக்க விரைந்தார். தரையிலிருந்து ஒருவரும் எழவில்லை.

வேன்காரர் வேட்டியைச் சற்றே தூக்கிக்கொண்டு எங்கே உட்காருவது என்று பார்த்தார். மீட்டரக்கா காலை மடக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த வெல்டரை முழங்கையால் இடித்தாள்.

"நகருங்க. இன்னும் ஆள் வருது."