சிவப்பு என்று சொன்னவள்

தென்னூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் ஷஹனாஸ் சொன்னால் சொன்னதுதான். பதினெட்டு வருஷத்தில் அவள் ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

அன்று காலை வந்தது மருதையின் முதுகுத்தண்டு நீர். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். கழுத்து விறைத்து, நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தான். ஸ்லைடில் ஊதாச் சாயம் ஏற்றி, ஆல்கஹால் விட்டுக் கழுவும்போது போன் அடித்தது. டாக்டர் பெனடிக்ட்தான், "ஆச்சாம்மா?" என்று அவசரப்படுத்தினார். பதில் சொல்லிவிட்டு வந்து, சிவப்புச் சாயம் இட்டுப் பார்த்தாள். ஜோடி ஜோடியாக உருண்டைக் கிருமிகள், எல்லாம் சிவப்பு. சிவப்பு ஜோடி என்றால் பக்கத்தில் இருப்பவரையும் தொற்றும் மூளைக்காய்ச்சல். அப்படியே சொன்னாள். மருதையைத் தனியறையில் போட்டு, மனைவி ஜோதியை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மதியம் ஜோதி லேப் ஜன்னலுக்கு வந்தாள். "மேடம், கண்ணாடி வழியா பாத்தா உதடு அசையுது. என்னையத்தான் கூப்புடுறாரு. எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது, உள்ள விடச் சொல்லுங்க. அவருக்கு ஒரு வாரமா காதுல சீழு. வாங்க காட்டுவோம்னேன், கேக்கலைங்க."

காதில் சீழ் என்றதும் ஷஹனாஸ் காலை ஸ்லைடைத் தேடி எடுத்தாள். காதிலிருந்து மூளைக்கு ஏறும் ஜோடிக் கிருமி வேறு. அது ஊதா, இப்படித் தொற்றாது. ஸ்லைடை மறுபடி பார்த்தாள். தொற்றும் வகையென்றால் மொச்சைக்கொட்டை மாதிரி இருக்க வேண்டியவை நுனி கூர்ந்து இருந்தன. காலையில் நிறத்தைக் கண்டவள் வடிவத்தைப் பார்க்கவேயில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். போன் பேசிய நேரத்தில் ஆல்கஹால் கூடுதலாக நின்று, ஊதாவாகவே நிற்க வேண்டிய கிருமியின் சாயத்தையும் கழுவிக்கொண்டு போயிருந்தது.

மீதி நீரைப் புது ஸ்லைடில் தடவினாள். ஓரத்தில் தன் பல்லிடுக்கைச் சுரண்டி வைத்தாள். வாயில் ஊதாக் கிருமி எப்போதும் உண்டு. கை சரியாக இருந்தால் அது ஊதாவாகவே நிற்கும். போனை அணைத்துவிட்டு, நொடி எண்ணிக் கழுவினாள். இரண்டு பக்கமும் ஊதா.

சாயம் பழசு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. டாக்டர் பெனடிக்டிடம் போய், "சார், காலைல சொன்னது தப்பு. என் கைதான் தப்பு," என்றாள்.

தனியறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். "நீங்கதான் மேடம் உள்ள விட வச்சீங்க, நல்லா இருப்பீங்க," என்றாள் ஜோதி.

"வெளிய நிக்க வச்சதும் நான்தாங்க."

"அவரப் பாத்துட்டு வந்துர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜோதி உள்ளே போய் மருதையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இருந்தது. உதடு அசைவது நின்றுபோயிருந்தது.